பஞ்சாரத்தில் காய்ந்த பாவாடை

அன்று காலை பத்தே முக்கால் மணிக்கு, யாரும் கேட்காமல், நானாகவே, என் வருங்காலச் சம்பந்தியம்மாவின் பாவாடையைக் கஞ்சியில் முக்கினேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அவ்வளவு நடுக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. பெண்ணைப் பெற்ற தகப்பன்களுக்கு ஒரு வியாதி உண்டு. நிச்சயதார்த்தத்தன்று அவர்களால் சும்மா உட்கார முடியாது. செய்ய வேலை இல்லாவிட்டால், செய்யக்கூடாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவன். (முன்யோசனை இல்லாமல் காரியத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் விளக்குகிறவன்.)

என் மகள் அமலி வளைகுடாவில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். பெயர் ஜோயல். பெயரைக் கேட்டதும் என் மனைவி ஜெசிந்தா, "நம்ம ஆத்தூர் பக்கமா, வடமதுரையா?" என்று கேட்டாள். பிலிப்பைன்ஸ் என்றாள் அமலி. நான் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். பிறகு ஜெசிந்தா மெதுவாக, "கோயிலுக்குப் போற பையனா?" என்றாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்று தெரிந்ததும் எங்களுக்குப் பாதி மூச்சு வந்தது.

மீதி மூச்சு பையனின் அம்மாவிடம் இருந்தது.

ரோசா அம்மையாருக்கு ஜோயல் ஒரே மகன். கணவர் காலமாகிவிட்டார். தங்கள் கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம். நிச்சயதார்த்தத்துக்காக மகனோடு வந்து எங்கள் வீட்டில்தான் தங்கினார். குள்ளமான உருவம், நரைத்த கொண்டை, எதற்கும் ஒரு சின்னப் புன்னகை. சீரகச் சம்பா பிரியாணி போட்டோம், சிரித்தார். ஆயக்குடிக் கொய்யாவை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தோம், சிரித்தார். மலைக்கோட்டையைக் காட்டினோம், மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பில் சம்மதம் இருக்கிறதா, வெறும் மரியாதைதானா என்று எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒரே மகனை இந்தியாவுக்குப் பறிகொடுக்கிறோமோ என்ற பயம் அவருக்கு இருந்தது என்று அமலி சொல்லியிருந்தாள். எனக்கோ, முன்பின் தெரியாத தேசத்துக்கு, முன்பின் தெரியாத மாமியாரிடம் பெண்ணை அனுப்புகிறோமே என்ற பயம். இரண்டு பயங்களும் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டன.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின மாலை அமலி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அவங்க இன்னும் வாயத் திறந்து சரின்னு சொல்லலப்பா. ஆனா பெட்டியில சாயா கொண்டுவந்திருக்காங்க."

"அது என்னம்மா?"

"பாவாடைப்பா. அவங்க அம்மாவோடது. அந்தக் குடும்பத்துல கல்யாணச் சம்பந்தம் பேசையில மட்டும் உடுத்துவாங்களாம். நாளைக்குச் சாயங்காலம் மண்டபத்துக்கு அதக் கட்டிக்கிட்டு வந்தாங்கன்னா சம்மதம்னு வச்சுக்கங்க. கட்டலைன்னா..."

முடிக்கவில்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் ரோசா அம்மையாரே அந்தப் பாவாடையை எடுத்துவந்து கட்டிலில் விரித்தார். எங்களுக்கெல்லாம் காட்டினார். பருத்தித் துணி. கருநீலமும் வெள்ளையுமாக நீளவாக்கில் கோடுகள். இடுப்பில் நெருக்கமான கொசுவம், கீழே போகப் போக அகலம். பின்பக்கம் மட்டும் தரையில் புரளுகிற மாதிரி முழ நீளத்துக்கு ஒரு துண்டு. அதற்கு வால் என்றே பெயராம். ஸ்பெயின்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தேசத்தை ஆண்டபோது வந்த உடுப்பு, சாயா என்பதும் அவர்களுடைய சொல்தான் என்று அமலி மொழிபெயர்த்துச் சொன்னாள். ஆனால் பாவாடைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கறுப்புத் துணி ஒன்று இருந்தது. அது மட்டும் வேறு யாரும் கொடுத்ததல்ல, எங்களுடையது என்று அந்தம்மா அதைத் தடவிக் காட்டினார். எனக்கு என் பெரியப்பாவின் கல்யாணப் போட்டோ ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் கோட்டு, கீழே நாலு முழ வேட்டி. அதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

அப்புறம் தன் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். அவருடைய அம்மா அதே சாயாவில். கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி பாவாடை விறைப்பாக நின்றது. கட்டிலில் கிடந்ததோ பெட்டிக்குள் மடங்கி மடங்கித் துவண்டு கிடந்தது.

ரோசா அம்மையார், ஜோயல், அமலி மூவரும் சின்னாளபட்டிக்குப் புடவை வாங்கக் கிளம்பினார்கள். அந்தம்மாவின் ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குச் சுங்குடி வேண்டுமாம். ஜெசிந்தா கோயில் மண்டபத்துக்கு அலங்காரம் பார்க்கப் போனாள். போகும்போது பாவாடையை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, "இஸ்திரிக் கடையில குடுத்து, செத்த நேரம் நின்னு கையோட வாங்கிட்டு வந்துருங்க. அம்புட்டுத்தான்" என்றாள்.

அமலி காருக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, வேற ஒண்ணும் பண்ணிராதீங்க."

பெற்ற மகள் அப்பனை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாள்!

தனியாக நின்று அந்தத் துணியைப் பார்த்தேன். வெறும் இஸ்திரி போட்டால் இது அந்தப் படத்தில் இருந்த மாதிரி நிற்குமா? நிற்காது. துவண்ட பாவாடையோடு அந்தம்மா மண்டபத்தில் நடந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? அல்லது, கண்ணாடியில் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டால்? அத்தோடு சம்மதமும் போச்சே! என் மண்டை இப்படித்தான் ஓடியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் சட்டைக்கு நானே கஞ்சி போடுகிறேன். என் காலர் மடங்கிப் பார்த்தவர்கள் கிடையாது. கஞ்சி விஷயத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

கொல்லையில் வாளி நிறையக் கஞ்சி இருந்தது. வடித்து ஆறிய, ஏடு கட்டிய, கெட்டியான கஞ்சி. அது பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவின் செவலைப் பசுவுக்கு ஜெசிந்தா எடுத்து வைப்பது. செவலை தினமும் பின்வாசல் வழியாகத் தானே வந்து, குடித்துவிட்டு, தானே போகும். ஒருநாள் பட்டினி கிடந்தால் மாடு கோபித்துக்கொள்ளாது என்று நினைத்தேன். (நினைத்தேன் என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் எத்தனை இடத்தில் எழுத வேண்டியிருக்கிறதோ!) மாட்டுக்கு ருசியாக இருக்கட்டும் என்று ஜெசிந்தா அதில் ஒரு பிடி கல் உப்பும் போட்டு வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

முக்கினேன். பிழிந்தேன். உதறினேன். அடுத்த கேள்வி, எதில் காயப்போடுவது? கொடியில் போட்டால் தட்டையாகக் காயும். மணி மாதிரி நிற்க வேண்டுமானால் மணி மாதிரி ஏதாவது ஒன்றின் மேல் காய வேண்டும். சுற்றிப் பார்த்தேன். கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம் கண்ணில் பட்டது. அடடா, ஆண்டவர் இதை எனக்காகவே அல்லவா பின்ன வைத்திருக்கிறார்! கோழிகளை விரட்டிவிட்டு, பஞ்சாரத்தைப் பினாயில் போட்டுக் கழுவித் துடைத்து, மேலே என் வெளுத்த வேட்டி ஒன்றைப் போர்த்தி, அதன் மேல் பாவாடையை மாட்டினேன். இடுப்பு நாடாவைப் பஞ்சாரத்தின் உச்சி மூங்கிலோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன், காற்றில் பறக்காமல் இருக்க. வாலைத் துவைக்கிற கல்லின் மேல் அழகாக விரித்தேன்.

உச்சி வெயிலுக்கு முன்பே விறைத்துவிட்டது. அச்சு அசல் அந்தப் படம்தான். பெருமை தாங்காமல் போட்டோ எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏங்க, யாருங்க அது, நம்ம கொல்லையில முக்காடு போட்டுக் குத்த வச்சிருக்கிறது? மேலுக்கு முடியலையா அவங்களுக்கு?"

"அது ஆளில்ல ஜெசி. சாயா."

"நான் இஸ்திரிக்குத்தான குடுக்கச் சொன்னேன்?"

"காஞ்சதும் குடுத்துர்றேன். எப்படி நிக்குது பாத்தியா?"

"மாதாவே! நீங்களும் அது பக்கத்துலயே நில்லுங்க. கால எடுத்து அங்கிட்டு இங்கிட்டு வச்சிராதீங்க."

நின்றேன். நிற்கத்தான் செய்தேன். ஆனால் சமையல்காரர் போன் பண்ணினார். கொல்லையில் சிக்னல் விட்டு விட்டு வரும். வீட்டு முன்பக்கம் போனேன். "சார், வெஞ்சனம் ரெண்டு போதுமா, மூணு வைக்கவா? வெளிநாட்டுக்காரங்க வாராங்கன்னாங்க, காரத்தக் கொறைக்கவா?" இதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெண்ணின் தகப்பனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆகும்.

திரும்பி வந்தபோது செவலை வந்திருந்தது.

வாளி காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறது. மோந்து பார்த்திருக்கிறது. கஞ்சி எங்கே போனது என்று கண்டுபிடித்திருக்கிறது. அதன் வாய்க்குள் பாவாடையின் வால் பாதி போயிருந்தது. கண்ணை மூடி அப்படி ஒரு ரசனையோடு மென்றுகொண்டிருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. மாடு மிரண்டு திரும்பி நடந்தது. துணியை விட்டுவிட்டு நடந்திருக்கலாம், விடவில்லை. நான் போட்ட முடிச்சு வேறு கெட்டி முடிச்சு. ஆக, முன்னால் செவலை, அதன் வாயில் வால், வாலின் பின்னால் பாவாடை, பாவாடைக்குள் பஞ்சாரம், அதன் பின்னால் நான். கொல்லையைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, சந்துக்குள் ஒரு ஸ்பானியச் சீமாட்டி தரையோடு தரையாக விடுவிடுவென்று போனாள்.

எதிரே பேச்சியக்கா புல்லுக்கட்டோடு வந்தார். கட்டைக் கீழே போட்டார்.

"அடி ஆத்தீ! என்ன வாத்தியாரே இது, பாவாட தானா நடந்து வருது?"

"அக்கா, மாட்டப் பிடிங்க! மாட்டப் பிடிங்க!"

அவர் ஒரு சத்தம் கொடுத்தார், மாடு நின்றது. நான் பஞ்சாரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். "டர்ர்" என்று ஒரு சத்தம். என் கையில் சாயா வந்தது. வால் வரவில்லை. செவலை ஒருமுறை தலையை ஆட்டி அதை விழுங்கியது. முழுங்கிவிட்டு என்னைப் பார்த்து நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது.

நான் சந்தில் உட்கார்ந்துவிட்டேன். என் கவலை எனக்கு. ஆனால் பேச்சியக்காவுக்கு வேறு கவலை இருந்தது.

"ஏ வாத்தியாரே, என் மாடு சினையா இருக்கு. தெரியும்ல? அதுக்கு என்னத்தத் திங்கக் குடுத்தீக?"

"நான் குடுக்கலக்கா. கஞ்சி போட்டுக் கல்லுல விரிச்சிருந்தேன், அதுவா தின்னுச்சு."

"கஞ்சியில முக்கிக் கல்லுல பந்தி விரிச்சு வச்சுட்டு, அதுவா தின்னுச்சாம்ல! துணிக்குச் சாயம் கீயம் போட்டிருந்துச்சா? ஊக்கு இருந்துச்சா? பொத்தான் இருந்துச்சா? வகுத்துல குத்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்விகள். அவர் போன் போட்டுக் கால்நடை டாக்டரைப் பிடித்து, போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன துணி சார்?" என்றார் டாக்டர்.

"பருத்தி. ஒரு முழம் இருக்கும்."

"வேட்டியா, துண்டா?"

"பாவாடை."

"வீட்டம்மாதா?"

"சம்பந்தியம்மாது."

டாக்டர் அதை அங்கே யாரிடமோ திருப்பிச் சொன்னார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஊக்கு, கம்பி எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், மாடு அசை போடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள், சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றார். பேச்சியக்கா மாட்டை எங்கள் வீட்டு வாசலிலேயே கட்டினார். "அது அசை போடுற வரைக்கும் நானும் போறதில்ல, மாடும் போறதில்ல" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் மாடு. படியில் பேச்சியக்கா. முற்றத்தில் நான், மடியில் வாலில்லாத சாயா. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாவாடையை வாங்கி, கிழிந்த விளிம்பை விரலால் நீவிப் பார்த்து, "செத்துப்போன அம்மாவோட துணிங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து இருவருமாக யோசித்தோம். யோசனைகள் ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசம். இஸ்திரிக் கடையில் கருகிவிட்டது என்று சொல்லலாமா? (அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்!) அதே மாதிரிக் கோட்டுத் துணி வாங்கி ஒட்டுப் போடலாமா? சாயாவை மடங்காமல் ஒரு பெரிய பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கடைவீதிக்கும் ஓடினேன். துணிக்கடையில் நின்ற பெண், போன வருஷம்தான் என்னிடம் பிளஸ் டூ முடித்தவள்.

"வாங்க சார்! என்ன பாக்குறீங்க?"

பையிலிருந்து பாவாடையை வெளியே எடுத்தேன்.

"வீட்டுல அம்மாவுக்கா சார்?"

"இல்லம்மா."

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல், துணியும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

கொல்லையில் நான் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பிய அந்தப் போட்டோ இப்போதும் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் கூடும் வீட்டில் நான் நுழைந்தால் என் மச்சான், "ஏலே, கொடியில கெடக்கிற துணியெல்லாம் எடுத்து உள்ள வைங்கப்பா, மாமா வாராரு" என்று குரல் கொடுக்கிறான். பஞ்சாரத்தைக் கழுவி நிழலில் வைத்திருந்தால், அதைப் பார்க்கிறவர்கள், "நிச்சயதார்த்தத்துக்கு ரெடியாயிருச்சு போல" என்கிறார்கள். வீட்டில் கஞ்சி வாளியைத் தொடும் உரிமை எனக்கு ரத்தாகி வெகு நாளாயிற்று. அதெல்லாம் போகட்டும். அன்று மத்தியானம் நான் சிரிக்கும் நிலைமையில் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணி, முற்றத்தில் நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினேன்.

கார் வந்து நின்றது.

ஜோயல் இரண்டு கை நிறையச் சுங்குடிப் பைகளோடு இறங்கினான். அமலி இறங்கினாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "அப்பா, என்ன பண்ணுனீங்க?" என்றாள். கடைசியாக ரோசா அம்மையார் இறங்கினார். நான் சாயாவை இரு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனேன். மனப்பாடம் பண்ணிய வாக்கியம் காற்றோடு போய்விட்டது. "மேடம், மாடு..." என்று ஆரம்பித்து மாட்டைக் கையால் காட்டினேன். பிறகு பாவாடையைக் காட்டினேன். பிறகு வாயைத் திறந்து மென்று காட்டினேன்.

அவர் கிழிந்த விளிம்பைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அந்தச் சின்னப் புன்னகை முகத்திலிருந்து போய்விட்டது. என்னைக் கடந்து நேராகச் செவலையிடம் போனார். அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, காதை அருகே கொண்டுபோய்க் கேட்டார். தாடையைத் தடவினார். பேச்சியக்கா எழுந்து நின்றார். இரண்டு பெண்களும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் மாட்டின் இரு பக்கமும் நின்று, அதன் வாயையே பார்த்தார்கள். செவலை கழுத்தை ஒருமுறை நீட்டியது. தொண்டையில் ஒரு உருண்டை ஏறி வந்தது. மெதுவாக அசை போட ஆரம்பித்தது.

"பொழச்சுக்கிருச்சு!" என்றார் பேச்சியக்கா. ரோசா அம்மையாருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் பேச்சியக்காவின் தோளைத் தட்டினார். பிறகு திரும்பி வந்து என் கையிலிருந்த சாயாவை வாங்கி, விறைத்து நின்ற துணியை விரல் நகத்தால் சுண்டினார். "டக்" என்றது. மறுபடி சுண்டினார். அவர் கண் கலங்குவதையும், அதே நேரத்தில் தோள் குலுங்கச் சிரிப்பதையும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான். சாயாவை அப்படியே இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் என்னவோ நிறையச் சொன்னார். எனக்கு இருந்த படபடப்பில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?" என்றேன் அமலியிடம்.

அமலி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவங்க ஊர்லயும் சோத்துக் கஞ்சிதானாம்ப்பா. அவங்க அம்மா போனப்புறம் இது இப்படி நின்னதே இல்லையாம். சாயங்காலம் வாலில்லாமலே கட்டிக்கிறாங்களாம்."

"அம்புட்டுத்தானா? ரொம்ப நேரம் பேசுனாங்களே!"

"இன்னொண்ணும் சொன்னாங்கப்பா. அடுத்த வீட்டு மாட்டுக்கே இம்புட்டு நல்லா ஆக்கிப் போடுற வீட்டுல, என் பையன் வந்தா பட்டினி கெடக்க மாட்டான், இனிமே எனக்குக் கவலை இல்லைன்னாங்க."